பழைய ஹார்லிக்குப் புதிய ரகசிய எண்

சிங்கப்பூரில் பழைய மோட்டார் சைக்கிள் கைமாறும்போது, விற்பவரும் வாங்குபவரும் அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக உரிமை மாற்றத்தை முடித்துவிட்டு, வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ இன்னும் எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது என்பதையே பேசுவார்கள். வண்டியின் ரகசிய எண்ணைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

பாதுகாப்பு அமைப்பு உள்ள ஹார்லி டேவிட்சன் வண்டிகள், நம் சட்டைப்பையில் இருக்கும் சிறு ரிமோட்டை அடையாளம் கண்டால்தான் கிளம்பும். அந்த ரிமோட்டின் பேட்டரி தீர்ந்து, அடுக்குமாடி கார்பேட்டையில் அலாரம் அலற நிற்க நேர்ந்தால், கைகொடுப்பது ஐந்து இலக்க ரகசிய எண்தான். இடப்பக்க சிக்னல் பொத்தானை இலக்கம் எத்தனையோ அத்தனை முறை அழுத்தி, வலப்பக்கப் பொத்தானால் உறுதிசெய்து, ஒவ்வோர் இலக்கமாக உள்ளிட வேண்டும்.

முந்தைய உரிமையாளர் அந்த எண்ணை மறந்திருந்தாலும் கவலையில்லை. வேலை செய்யும் ரிமோட் அருகில் இருந்தால், பழைய எண் தெரியாமலேயே புதியதை நாமே அமைத்துக்கொள்ளலாம். சாவியையும் பொத்தான்களையும் இயக்கும் வரிசை மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள். பூஜ்ஜியத்தைச் சேர்க்க முடியாது. ஒன்று முதல் ஒன்பது வரைதான். பெரிய இலக்கங்களைத் தேர்ந்தால் மழையில் நின்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்பதால், நான் சிறிய இலக்கங்களையே விரும்புவேன். ஆனால் வரிசையாக ஐந்து ஒன்றுகளை வைப்பது திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான்.

ரிமோட்டும் இல்லை, எண்ணும் தெரியாது என்றால் வண்டியை முகவரிடம்தான் ஏற்றிச்செல்ல வேண்டும். எனவே பணம் கொடுக்கும் முன்பே ரிமோட்டைக் கேட்டு வாங்கி, விற்பவர் எதிரிலேயே எண்ணை மாற்றி, வண்டியில் அல்லாமல் பணப்பையில் எழுதி வையுங்கள்.