எடிட்டிங் ஆப் அப்புறம், முதலில் இதையெல்லாம் பழகுங்கள்

இதழியல் படிக்கிற பிள்ளைகள் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, வீடியோ எடிட் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது?" டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே தாராளம். லேப்டாப் திணறுகிறதா, ஷாட்கட் அல்லது கேடன்லைவ் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி இத்தோடு முடிந்தது. அதற்கு முன்னால் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயங்களை யாரும் கேட்பதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சத்தம். படம் கொஞ்சம் ஆடினால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்றால் அடுத்த நொடியே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில் போய்ப் பேட்டி எடுக்கும்போது பெரிய வில்லன் சீலிங் ஃபேன். வெயிலில் அதை நிறுத்தச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும், இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால், பேட்டி தொடங்கும் முன் யாரும் பேசாமல் ஒரு பத்து வினாடி அந்த அறையின் இரைச்சலை மட்டும் பதிவு செய்துவிடுங்கள். பிறகு ஆடாசிட்டி என்கிற இலவச ஒலி எடிட்டிங் மென்பொருளில் அந்தப் பத்து வினாடியை மட்டும் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனில் புரொஃபைல் (அதாவது இரைச்சலின் மாதிரி) எடுத்துக்கொண்டு, அதை முழுப் பதிவுக்கும் போட்டால் ஃபேன் இரைச்சல் பெருமளவு அடங்கும். ஆசைப்பட்டு அளவைக் கூட்டினால் பேசுகிறவர் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும், பார்த்துச் செய்யுங்கள்.

பேட்டியை எழுத்தாக்க விஸ்பர் இருக்கிறது. ஓப்பன் ஏஐ 2022-ல் இலவசமாக வெளியிட்டது, தமிழும் தெரியும். உங்கள் கணினியிலேயே ஓட்டலாம் என்பதால் பெயர் வெளியே வரக்கூடாத ஒருவரின் குரலை யாருடைய சர்வருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஊர்ப் பெயர், ஆள் பெயர், வட்டார வழக்கு என்று வந்தால் சொதப்பும். மேற்கோள் போடும் முன் பதிவைத் திரும்பக் கேட்டே ஆக வேண்டும்.

இனி சரிபார்ப்பு, என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான வேலை. பருவமழை வந்தாலே 2015 டிசம்பர் சென்னை வெள்ளக் காட்சிகள் "இன்று காலை எடுத்தது" என்று வாட்ஸ்அப்பில் உலா வர ஆரம்பித்துவிடும். இப்படி ஒரு வீடியோ கையில் கிடைத்தால் இன்விட் என்கிற பிரவுசர் நீட்சியில் போடுங்கள். அது வீடியோவை முக்கியமான ஃபிரேம்களாகப் பிரித்துத் தரும், இதே காட்சி முன்பே எங்காவது வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கூகுள், யாண்டெக்ஸ், டின்ஐ மூன்று தேடுதளங்களிலும் படமாகவே கொடுத்துத் தேடலாம். டின்ஐயில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தும் வசதி உண்டு, இந்த வேலைக்கு அதுதான் கைகொடுக்கும். தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் வீடியோ புதியது என்று நினைத்துவிடாதீர்கள்.

கருவி கைவிட்டால் கண் இருக்கிறது. கடை போர்டில் 0462 என்று தொலைபேசி எண் தொடங்கினால் திருநெல்வேலி, 0422 என்றால் கோவை. வண்டிகளில் டிஎன் 69 நிறைய தெரிந்தால் தூத்துக்குடிப் பக்கம் தேடலாம். நிழல் விழும் திசையை வைத்து நேரத்தைக் கணக்கிட சன்கால்க் என்கிற தளம் உதவும். படம் எடுத்தவரே கிடைத்துவிட்டால், "டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று கேளுங்கள். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் எடுத்த நேரம், கேமரா விவரம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப் உதிர்த்துவிடும்.

வரைபடம், சார்ட் எல்லாவற்றுக்கும் டேட்டாராப்பர் என்கிற இணையக் கருவி. அட்டவணையை ஒட்டினால் வேலை பாதி முடிந்தது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள், இன்றைக்கு 38. பழைய தரவைப் புதிய வரைபடத்தில் ஏற்றினால் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, மயிலாடுதுறை ஆறும் வெள்ளையாக நிற்கும். அதைவிட மோசம், பிரிக்கப்படாத பழைய திருநெல்வேலியின் எண், பாதியாகச் சுருங்கிய இன்றைய திருநெல்வேலியின் மேல் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். வெள்ளையாக இருப்பது கண்ணில் படும், இது படாது. தரவு எந்த ஆண்டோ அந்த ஆண்டு எல்லைகளைத் தேடிப் பிடித்துப் போடுங்கள்.

காலவரிசையாகச் சொல்ல வேண்டிய கதைக்கு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் தரும் டைம்லைன் ஜேஎஸ் போதும், கூகுள் ஷீட் நிரப்பத் தெரிந்தால் சரி. ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் அடித்த அரசாணை பிடிஎஃப்பிலிருந்து காப்பி எடுத்தால் கன்னாபின்னாவென்று ஏதோ வந்து விழும். அதைப் படமாக மாற்றி கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து பாருங்கள், பெரும்பாலும் படிக்கிற தமிழாக வரும். துணைக்காலையும் 'ர'வையும் மாற்றிப் போட்டிருக்கும், எண்களையும் மூலத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

அப்புறம் வேபேக் மெஷின், இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேர்த்து வைத்திருக்கும் தளம். பழைய பக்கத்தைப் பார்க்க மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள், நீங்களும் அதில் பக்கங்களைச் சேமிக்கலாம். செய்திக்கு ஆதாரமாக வைக்கும் இணையப் பக்கத்தை எழுத ஆரம்பிக்கும் முன்பே சேமித்துவிட்டால், பிறகு யாராவது அதைத் திருத்தினாலும் தூக்கினாலும் தேதியோடு ஒரு நகல் நிற்கும். லாகின் கேட்கும் பக்கங்கள் அதில் ஏறாது. அவற்றுக்கு முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே வைத்திருங்கள்.