தண்ணீர்க் கிண்ணத்தில் கரும்புள்ளி

ஊர்வன சிகிச்சை மையம் ஒன்றில், புதிதாக வாங்கிய பாம்புகளைத் தனிமையில் வைத்திருக்கும் அறைதான் என் பொறுப்பு. நான் சேர்ந்தபோது அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வந்த அன்றைக்கே எல்லாப் பாம்புக்கும் குடற்புழு மருந்து. புழு இருக்கிறதோ இல்லையோ, கொடுத்துவிட்டால் கவலையில்லை என்று நானும் நம்பினேன்.

அப்படி வந்ததுதான் அந்தக் குட்டி பால் பைத்தான் (Ball python), பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு வகை. நீண்ட பயணத்தில் நீர்ச்சத்து வற்றி, பக்கவாட்டில் தோல் மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. எடையைக் கண்ணாலேயே மதிப்பிட்டு ஃபென்பெண்டசோல் புகட்டினோம். மறுவாரம் இன்னொரு முறை. மூன்றாவது வாரம் இறந்துவிட்டது. பழியை மருந்தின் மேல் மட்டும் போட முடியாது. ஆனால் அளவு கூடினால் அந்த மருந்து எலும்பு மஜ்ஜையைப் பாதித்து வெள்ளணுக்களைக் குறைக்கும் என்பதை அப்புறம்தான் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இப்போது முதல் வேலை தராசு, கிராம் கணக்கில். பிறகு தண்ணீர், சரியான வெப்பம், ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி. ஒரு வாரம் தொந்தரவு செய்வதில்லை. இரை எடுத்து எச்சம் போட்டதும் அன்றைக்கே பரிசோதனை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருமுறை நுண்ணோக்கியில் புழு முட்டைகளைப் பார்த்துப் பதறினேன். டாக்டர் பார்த்துவிட்டு, “இது பாம்போட புழு இல்லம்மா, அது முழுங்கின எலியோடது” என்றார். எலியின் ஊசிப்புழு முட்டைகள் பாம்பின் குடல் வழியாக அப்படியே வெளியே வந்திருந்தன. அதற்கு மருந்தே தேவையில்லை.

மைட் எனப்படும், உண்ணி போன்ற சிறு ஒட்டுண்ணி விஷயத்தில் மட்டும் காத்திருப்பது கிடையாது. பாம்பு எந்நேரமும் தண்ணீரிலேயே கிடந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் மாதிரி கரும்புள்ளிகள் இருக்கும். ஈரமான வெள்ளைத் தாளால் தாடைக்குக் கீழே உள்ள பள்ளத்தையும் கண்ணோரத்தையும் மெல்ல ஒற்றி எடுத்தால், ஒரு புள்ளி நகரும். ரத்தம் குடிக்கும் பூச்சி அது. முட்டையிடுவதோ பாம்பின் மேல் அல்ல, கூண்டின் இடுக்குகளில். கதகதப்பான கூண்டில் இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். அதனால் பாம்புக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை, கூண்டையும் சேர்த்துத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்ய வேண்டும். தரையில் மரத்தூள் போடாமல் வெள்ளைக் காகிதம் விரிப்பதும் இதற்காகத்தான்.

இன்னொன்று. பாம்புக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஆமையின் உயிரை எடுத்துவிடும். இரண்டையும் வளர்ப்பவர்களிடம் இதை மறக்காமல் சொல்லிவிடுவேன்.

மருந்து கொடுத்தாலும் 90 நாள் தனிமையை நான் குறைப்பதில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி எந்தக் குடற்புழு மருந்துக்கும் அடங்காது. இரையைக் கக்குவது, நடு உடல் வீங்குவது எல்லாம் தாமதமாகத்தான் தெரியும்.

ஏழாம் பெட்டியில் ஒரு கார்ன் ஸ்னேக் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் நேற்றும் போன் செய்தார். “மருந்து கொடுத்தாச்சாங்க?”

“இன்னும் எச்சம் போடலைங்க. எடை மட்டும் நாலு கிராம் ஏறியிருக்கு” என்றேன்.