அந்தப் படங்கள்

"அண்ணை, ஒரு படம் எடுத்துத் தாங்கோவன்."

திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலையடியில் இன்று பின்னேரம் நாலைந்து பொடியள். ஒருவன் போனை நீட்டினான்.

ஐந்து முகங்கள். பட்டனை அழுத்த விரல் கொஞ்சம் தயங்கியது.

2006 ஜனவரி 2. இதே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்தது என்று சொன்னது படைத்தரப்பு.

சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறைக்குப் போய்ப் படம் எடுத்தார். 'சுடர் ஒளி'யின் திருகோணமலைச் செய்தியாளர். தலைகளில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். படங்கள் பத்திரிகையில் வந்தன. குண்டுக் கதை அதற்குப் பிறகு எடுபடவில்லை.

ஜனவரி 24, காலையில் வேலைக்குப் போகும் வழியில் அவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

மாணவர் கொலை வழக்கில் பொலிஸ் விசேட அதிரடிப்படையினர் 13 பேர் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் எப்படிச் செத்தார்கள் என்பதை இனி யாராலும் மாற்றிச் சொல்ல முடியாது. ஊருக்கு அவர் விட்டுப்போனது அது. எனக்கு அது மிகப் பெரிய சொத்து.

சரி, பட்டனை அழுத்தினேன். இரண்டு தரம்.

"வடிவா வந்திருக்கு அண்ணை" என்றான் பொடியன்.