படம் கீறாத விடை

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் தம்பி மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடை வேலையைச் சொல்லித் தள்ளிப்போட்டேன். இந்தப் பங்குனியில் எங்கள் பிரயோக கணித மாஸ்ரர் காலமானார் என்ற செய்தி வந்தது. இனித் தள்ள முடியாது.

1969, கிணற்றடிப் பக்க வகுப்பறை, இரண்டாம் தவணைப் பரீட்சை. சாய்தளத்தில் வழுக்கும் துணிக்கை பற்றிய கணக்கு. மனதுக்குள்ளேயே செய்து விடையை மட்டும் எழுதியிருந்தேன். விடை சரி. மாஸ்ரர் பூச்சியம் போட்டார்.

"படம் எங்கையடா? விசை எந்தப் பக்கம் இழுக்குது எண்டு தெரியாமல் விடையை வைச்சு என்ன செய்யப்போறாய்?"

பாடம் முடியும்வரை தாளைக் கையில் பிடித்தபடி விறாந்தையில் நின்றேன். கீழ் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கிற சாட்டில் இரண்டு தரம் வந்து பார்த்தார்கள். காது எரிந்தது. மணியடித்ததும் மாஸ்ரர் வெளியே வந்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து அந்தத் தாளிலேயே கீறினார். நிறை கீழே, மறுதாக்கம் தளத்துக்குச் செங்குத்தாக, உராய்வு மேல்நோக்கி. பென்சிலை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வருடப் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சை நம் வயதுக்காரருக்கு ஆறாத புண். பேராதனைப் பொறியியலுக்குத் தமிழில் எழுதியவனுக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதியவனுக்கு 227 போதும். நான் உள்ளே போனேன். ஒரே வாங்கில் என் பக்கத்தில் இருந்தவன் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நின்றுபோனான். தெரிவு தெரிந்த அன்று மாஸ்ரரின் சைக்கிள் எங்கள் படலையைத் தாண்டி அவன் வீட்டுக்குத்தான் போனது. அன்று எனக்குப் பெரிய மனவருத்தம். அவர் போனதுதான் சரி.

83 கலவரத்துக்குப் பிறகு கனடா வந்தேன். ஒன்ராறியோவில் பொறியியலாளர் அனுமதி எடுக்கக் கனடிய அனுபவம் வேண்டும். அனுமதி இல்லாதவனை யார் வேலைக்கு எடுப்பார்கள்? அந்த நிபந்தனை 2023இல்தான் நீங்கியது. அப்போது எனக்கு வயது 72. சரி, கோப்பை கழுவினேன், பிறகு சமையல் பழகினேன். 1992இல் ஸ்காபரோவில் சொந்தக் கடை.

இடம் எடுத்த அன்றிரவு கடதாசியை விரித்துப் படம் கீறினேன். ரொட்டிக்கல் எங்கே, புகைபோக்கி எங்கே, கொத்துகிறவர் திரும்பினால் கறிச்சட்டி எத்தனை அடி, இடியப்பம் அவிக்கிற ஆவி எந்தப் பக்கம் போகும் என்று எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டேன். பின்னேரம் வாசல்வரை சனம் நிற்கும்போது அந்தச் சின்னக் குசினிக்குள் மூன்று பேர் முட்டாமல் வேலை செய்தோம். இப்போது கடை நான்கு. நான்கையும் அப்படித்தான் தொடங்கினேன்.

போர் முடிந்து மூன்றாம் வருடம் கல்லூரிக்கு இரண்டு வகுப்பறை கட்டிக் கொடுத்தேன். பிறகு தூரத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு. காசு ஒரு மாதமும் பிந்தியதில்லை. திறப்பு விழாவுக்கு மட்டும் போகவில்லை. கடையில் ஆள் காணாது என்று சொன்னேன்.

மாஸ்ரர் கடிதம் போட்டார். கட்டடத்துக்கு நன்றி ஒரு வரி. அதற்குக் கீழே, "ஒரு தவணை வந்து பிரயோக கணிதம் படிப்பி. இங்கே ஆள் இல்லை." அடுத்த வருடம் வருகிறேன் சேர் என்று எழுதினேன். அதற்கடுத்த வருடமும் அதையே எழுதினேன்.

கடைசிக் கடிதத்தில் அவருடைய எழுத்து நடுங்கியிருந்தது. பின்பக்கத்தில் அந்தப் புது வகுப்பறையைப் பென்சிலால் கீறியிருந்தார். யன்னல்கள், வாங்குகள், வேப்பமர நிழல் விழும் பக்கம், கரும்பலகை. கரும்பலகைக்கு முன்னால் ஒரு சின்ன வட்டம். வாசலிலிருந்து அந்த வட்டத்துக்கு ஓர் அம்புக்குறி.

அதற்கு நான் பதில் போடவில்லை.