கோடைக்கு முன்னால் டார்க்கீ

மெல்போர்னிலிருந்து ஜீலாங் வழியாகக் காரில் கிளம்பினால் ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் டார்க்கீ. கிரேட் ஓஷன் ரோடு தொடங்குவது இந்த ஊரில்தான். பன்னிரு அப்போஸ்தலர் பாறைகளைப் பார்க்கும் அவசரத்தில் பலரும் இங்கே ஒரு காபி குடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் போனதே துணிக்கடைகளுக்காக. அக்டோபர் என்றால் இங்கே வசந்தம். டிசம்பரில் தொடங்கும் கோடைக்கான சரக்கு கடைகளில் அடுக்கப்படும் நேரம்.

துணி வாங்க இவ்வளவு தூரமா என்று கேட்கலாம். உலகம் முழுக்க அலைச்சறுக்கு வீரர்கள் போடும் உடையில் பெரும் பங்கு இந்தச் சின்ன ஊரின் கைவரிசை. 1969இல் ஆலன் கிரீனும் ஜான் லாவும் குவிக்சில்வரை இங்கேதான் ஆரம்பித்தார்கள். அதே வருடம் டக் வார்பிரிக், பிரையன் சிங்கர் என்ற இரண்டு பேர் ரிப் கர்ல் என்ற பெயரில் சறுக்குப் பலகை செய்யத் தொடங்கினார்கள். பிறகு ஒரு பழைய பேக்கரிக் கட்டடத்தில், குளிர்ந்த கடலில் உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடையான வெட்சூட் தைத்தார்கள். இன்று இரண்டுமே கைமாறிவிட்டன. ரிப் கர்லை 2019இல் நியூசிலாந்தின் காத்மாண்டு நிறுவனம் வாங்கியது. குவிக்சில்வர் பல கைகள் மாறி 2023இல் ஓர் அமெரிக்க பிராண்ட் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் சர்ஃப் சிட்டி பிளாசா என்ற கடைத்தொகுதியில் நின்றால் இது இன்னும் அவர்கள் ஊர் மாதிரிதான் இருக்கிறது. அங்கேயே ஆஸ்திரேலிய தேசிய அலைச்சறுக்கு அருங்காட்சியகமும் உண்டு. கடைக்குப் போவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். புதுசு என்று கடையில் தொங்குவதில் பாதி ஏற்கெனவே ஒருமுறை வந்துபோனதுதான் என்று புரியும்.

இந்தக் கோடையின் பெரிய செய்தி, ஆண்கள் அலைச்சறுக்குக்குப் போடும் அரைக்கால் சட்டையான போர்டுஷார்ட்ஸ் இன்னும் குட்டையாகியிருக்கிறது. இடுப்பிலிருந்து கீழ்விளிம்பு வரை வெளிப்பக்கத் தையலை அளந்து இஞ்ச் கணக்கில் சொல்வார்கள். 2000களின் தொடக்கத்தில் 22 இஞ்ச் சாதாரணம். முட்டியைத் தாண்டித் தொங்கும். இப்போது ரேக்கில் 18 இஞ்சே நீளமான வகை. 17, 16 என்று இறங்கிக்கொண்டே போகிறது. தொடையின் பக்கவாட்டில் வளைவாக வெட்டிய விளிம்பு, துரு நிறம், கடுகு மஞ்சள், வெளுத்த ஆலிவ் பச்சை, குறுக்கே இரண்டு பட்டை. எல்லாம் 70களின் சாயல்.

பழைய மோகம் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நனைந்த நீளத் துணி முட்டியில் ஒட்டிக்கொண்டால், படுத்துத் துடுப்பிட்டுச் சட்டென்று எழும்போது காலை இழுக்கும். குட்டையானால் அந்தத் தொல்லை இல்லை. அந்தக் காலத்துப் பருத்திக் கான்வாஸ் உடனே உலராது, உள்தொடையைத் தேய்த்துப் புண்ணாக்கும். இன்றைய துணி நாலா பக்கமும் இழுபடுகிறது. பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து எடுத்த பாலியஸ்டர் என்று சீட்டு வேறு தொங்குகிறது. வடிவம் 70களுடையது, துணி இன்றையது. நல்ல சேர்க்கைதான்.

இன்னொரு பக்கம் எலாஸ்டிக் இடுப்பு வைத்த ‘வாலி’ ஷார்ட்ஸ் ரேக் ரேக்காக. இது கடலுக்கானதல்ல என்று விற்கும் பையனே ஒப்புக்கொண்டான். பெரிய அலை ஒன்று புரட்டிப்போட்டால் எலாஸ்டிக் எங்கே நிற்கும்? அதற்காகத்தான் சரியான போர்டுஷார்ட்ஸில் எலாஸ்டிக் வைக்காமல் முன்பக்கம் கயிறும் வெல்க்ரோவும் வைக்கிறார்கள். கார்டுராய் ஷார்ட்ஸ், திறந்த காலர் வைத்த அரைக்கை சட்டை, தொளதொள டீஷர்ட் எல்லாம் கரையில் பீர் குடிப்பவர்களுக்கு. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

எனக்குப் பிடித்த மாற்றம் வேறு: உடம்பை மூடுவது நாகரிகமாகிவிட்டது. வெயிலில் வெறும் மார்போடு அலைவதுதான் ஆண்மை என்றிருந்த நாடு இது. சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று விக்டோரியா மாநிலத்தில் 1981இல் தொடங்கிய தோல் புற்றுநோய்ப் பிரசாரத்தைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். இப்போது அது கடைக்கு வந்திருக்கிறது. தலைமூடியோடு கூடிய முழுக்கைச் சர்ஃப் சட்டை, தாடையில் கட்டும் அகல விளிம்புத் தொப்பி, வெயிலின் புற ஊதாக் கதிரைத் துணி எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் யுபிஎஃப் 50+ முத்திரை. முன்பு குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் மட்டும் என்று ஒதுக்கப்பட்டவை, இளவட்டங்களுக்கான ரேக்கில் முன்வரிசையில்.

பிறகு பெல்ஸ் கடற்கரைக்கு ஓட்டினேன், ஏழெட்டு நிமிடம்தான். 1962இலிருந்து அலைச்சறுக்குப் போட்டி நடக்கும் இடம். ஜெயித்தவருக்குக் கோப்பையாக ஒரு மணி. செம்மண் சரிவு, மரப்படிகள், வாகனம் நிறுத்துமிடம், அவ்வளவுதான். ஒரு கடைகூடக் கிடையாது. கீழே தண்ணீரில் இருந்தவர்களில் ஒருவர்கூட போர்டுஷார்ட்ஸ் போடவில்லை! எல்லோரும் கறுப்பு ரப்பரில், பனங்காய்கள் மிதப்பது போலத் தலைகள் மட்டும் தெரிந்தன. குளிர்காலத்தில் 13 டிகிரி, கோடை உச்சத்தில்கூட 20ஐத் தொட்டால் அதிசயம் என்கிற கடல் இது. உலகத்துக்குப் போர்டுஷார்ட்ஸ் விற்ற ஊரில் அதைப் போட்டுக்கொண்டு இறங்க ஆண்டில் சில நாள்களே வாய்க்கும்.

ஆக இவர்களின் உண்மையான கோடை உடை ‘ஸ்டீமர்’ எனப்படும் முழு வெட்சூட். மார்பில் 3 மில்லிமீட்டர், கை கால்களில் 2. வெயில் ஏறினால் அரைக்கை ஸ்டீமர். நீளப் பலகைக்காரர்கள் மத்தியில் கையில்லாத ‘லாங் ஜான்’ திரும்ப வந்திருக்கிறது. பார்க்கவும் அழகு, தோளும் தடையில்லாமல் சுழலும். நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பருக்குப் பதில் மரத்திலிருந்து வடித்த இயற்கை ரப்பரில் செய்தவையும் கடைகளில் தென்பட்டன, விலை கூடுதல். கரையேறியவர்கள் தலைமூடி வைத்த பெரிய துவாலை அங்கியைக் கழுத்து வழியாக மாட்டி, அதற்குள்ளேயே உடை மாற்றினார்கள். நம் ஊர் ஆற்றங்கரையில் ஒரு துண்டை வைத்தே முடித்துவிடுகிற வேலை. இங்கே அதற்கென்று ஓர் அங்கி, அதிலும் இந்த வருட நிறங்கள்!

சித்தி பையன் ஒருவன் கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டிருக்கிறான். அங்கே தண்ணீர் வெதுவெதுப்பு. போர்டுஷார்ட்ஸுக்கு உண்மையான வேலை அங்கேதான். “அண்ணா, முட்டிக்கு மேல நிக்கணும், எலாஸ்டிக் வேண்டாம்” என்று அனுப்பியிருந்தான். விஷயம் தெரிந்த பையன். பிளாசாவில் புதுச் சரக்கின் விலையைப் பார்த்துவிட்டுப் பின்னாலுள்ள பெய்ன்ஸ் கிரசென்ட் தெருவுக்குப் போனேன். கழித்த சரக்கை விற்கும் கடைகள் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் ஒரு இஞ்சும் பட்டையின் நிறமும்தான் வித்தியாசம். 17 இஞ்ச், ஆலிவ் பச்சை, ஏறக்குறைய பாதி விலை. மிச்சக் காசில் தாடைக் கயிறு வைத்த தொப்பி ஒன்று எனக்கு.