கைமடிக்கு ஆள் தேவை

இன்று காலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் ‘பவர் டேபிள் டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை’ என்ற பலகையைப் பார்த்தேன். (கைமடி என்றால் டெய்லருக்கு உதவியாகத் துணியை மடித்துக் கொடுப்பவர்.) இந்தி வரிகள் மேலே புது வண்ணத்தில் இருந்தன. தமிழ் வரிகள் கீழே, பாதி உரிந்து கிடந்தன.

“நம்ம பசங்களுக்கு ஒடம்பு வளையறதில்லீங்க” என்றார் பக்கத்து பேக்கரியில் நின்றவர்.

எனக்கு அதில் உடன்பாடில்லை.

2005-06 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண்ணுக்குச் சராசரியாகத் தமிழ்நாட்டில் 1.8 குழந்தைகள், பீகாரில் 4. அந்த ஆண்டுகளில் பிறந்தவர்களே இன்று 20 வயதை ஒட்டி நிற்கிறார்கள்.

எண்ணிக்கை குறைந்தது பாதிக் கதைதான். ஒன்றிரண்டு பிள்ளைகள் மட்டுமே உள்ள வீட்டில் அவர்களைக் கல்லூரிக்கு அனுப்புவது எளிதாகிறது. 2021-22இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு, பீகாரில் 17. ஆகவே ஏற்கெனவே சிறிய இத்தலைமுறை வேலைக்குத் தாமதமாகவே வருகிறது; வந்த பிறகும் பட்டத்துக்கேற்ற இடத்துக்காகக் காத்திருக்கிறது. (அதைச் சோம்பல் என்பது நமக்கு வசதியாக இருக்கிறது.) மறுபுறம், பிள்ளைப்பேறு சீக்கிரம் முடிந்துவிடுவதால் தாய்மார்கள் 30 வயதை ஒட்டியே மீண்டும் வேலைக்குச் செல்ல முடிகிறது.

பீகாரிலும் அந்தச் சராசரி 2019-21இல் 3ஆகக் குறைந்துவிட்டது. அங்கிருந்து வரும் வரிசைக்கு முடிவே இல்லை என்று நம்பிக் கூலியை உயர்த்தாமல் காலம் தள்ளும் முதலாளிகள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.