கதவுக்குப் பின்னால் ஒரு பை

எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. அதில் ஒரு பெரிய கேரி பேக், அதற்குள் இன்னும் பல. எல்லாம் அம்மா சேர்த்தவை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை; அதற்கு முன்பே வந்தவைதான் பாதி.

மீன் வாங்கி வந்த கவரைக்கூட அம்மா வீசியதில்லை. புளித்தண்ணீரில் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார். அப்புறம் நீளவாக்கில் நான்காக மடித்து, கீழிருந்து முக்கோணம் முக்கோணமாகச் சுருட்டி, கைப்பிடியைச் செருகிவிடுவார். சமோசா அளவுதான் இருக்கும். நானும் அப்படித்தான் மடிக்கிறேன்.

நேற்று அடியில் கிடந்த ஒன்றை எடுத்தேன். தொட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. எத்தனை முறை கூட்டியும் தரை இடுக்கில் வெள்ளைத் துகள்கள். மக்கவில்லை, நொறுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பழைய கவரில் சாப்பாட்டுப் பொருள் வைக்காதீர்கள். சூடான குழம்பு எந்தக் கவரிலுமே வேண்டாம்.

நல்லதாக இரண்டை வண்டி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன், மழை வந்தால் செல்போனைச் சுற்ற. கிழிந்ததையெல்லாம் காலையில் குப்பை வண்டி அக்காவிடம் தனியாகக் கொடுத்தேன்.